ஆடம்ஸ் விடுதியின் ஐந்து வருடங்கள்

கல்லூரி என்றால் வகுப்பறை, விடுதி என்றால் சாப்பாடும் தூக்கமும். இந்தப் பிரிவினை உலகம் முழுக்க உள்ளதுதான். வகுப்பில் கொட்டாவி விடுகிறவன் விடுதி மொட்டை மாடியில் விடிய விடிய உட்கார்ந்து சினிமா முதல் அரசியல் வரை அலசுவான். அவனுடைய உண்மையான படிப்பு அங்கேதான் நடக்கிறது என்று சொன்னால் எந்தப் பேராசிரியரும் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார். ஒப்புக்கொண்ட ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். ஒப்புக்கொண்டதோடு நிற்காமல், பேராசிரியர்களை மூட்டை முடிச்சோடு விடுதிக்குள்ளேயே கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்! அவர் பெயர் அலெக்சாண்டர் மைக்கிள்ஜான். இடம் விஸ்கான்சின் மாநிலத் தலைநகரான மேடிசன். வருடம் 1927.

இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விடுதிக்கு விண்ணப்பிக்கும் மாணவனிடம் ஒரு பட்டியல் நீட்டப்படும். சுற்றுச்சூழல் ஆர்வலர்களுக்கு ஒரு தளம், ஓவியம் இசை பிடித்தவர்களுக்கு ஒரு தளம், அறிவியல் படிக்கும் பெண்களுக்கு ஒன்று, சொந்தமாகத் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு ஒன்று, ஜெர்மன் மொழி மட்டுமே பேச வேண்டிய தளம் ஒன்று. ஒரே ஆர்வம் உள்ளவர்கள் சேர்ந்து தங்கி, சில பாடங்களையும் சேர்ந்தே படிப்பார்கள். 'வாழ்ந்து கற்கும் சமூகங்கள்' என்று இவற்றைத் தமிழில் சொல்லலாம். இவற்றின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மேடிசனின் ஆடம்ஸ் விடுதியில் இருந்துதான் கதையைத் தொடங்குகிறார்கள். ஆனால் அந்தத் தாத்தா இந்தப் பேரப்பிள்ளைகளைப் பார்த்தால் அடையாளம் கண்டுகொள்வாரா என்பது சந்தேகம்தான்.

முதலில் ஒரு சின்னப் பின்னணி. அமெரிக்காவின் பழைய கல்லூரிகள் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜைப் பார்த்து அமைக்கப்பட்டவை. ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் தங்கி, ஒரே கூடத்தில் சாப்பிட்டு, ஒரே பாடத்தைப் படித்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியில் படித்துத் திரும்பிய அறிஞர்கள் வேறொரு எண்ணத்தைக் கொண்டுவந்தார்கள். பல்கலைக்கழகத்தின் வேலை ஆராய்ச்சி. மாணவன் எங்கே தூங்குகிறான், எங்கே சாப்பிடுகிறான் என்பது அதன் கவலை இல்லை. அதே காலத்தில் ஹார்வர்டில் 1869 முதல் 1909 வரை நாற்பது வருடம் தலைவராக இருந்த சார்ல்ஸ் எலியட், எல்லோருக்கும் ஒரே பாடம் என்ற முறையை உடைத்து, மாணவனே பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் விருப்பப்பாட முறையை வளர்த்தார். மற்றவர்கள் பின்பற்றினார்கள். விளைவு, ஒரே கட்டடத்தில் இருக்கும் இரண்டு மாணவர்கள் நான்கு வருடத்தில் ஒரு புத்தகத்தைக்கூடப் பொதுவாகப் படித்திருக்க மாட்டார்கள்.

விஸ்கான்சினிலும் இதே நிலைதான். பல்கலைக்கழகத்தின் முதல் கட்டடமே 1851இல் திறந்த ஒரு மாணவர் விடுதி. பின்னால் அது வகுப்பறைகளாக மாறிப் போனது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் ஆண் மாணவர்களுக்கு என்று பல்கலைக்கழக விடுதியே கிடையாது. வசதி உள்ளவர்கள் 'ஃபிரட்டர்னிட்டி' எனப்படும் மாணவர் சங்க வீடுகளில் சேர்ந்தார்கள், மற்றவர்கள் ஊருக்குள் வாடகை அறை தேடினார்கள். 1926இல்தான் மெண்டோட்டா ஏரிக்கரையில் டிரிப், ஆடம்ஸ் என்று இரண்டு புதிய விடுதிகள் எழுந்தன. அந்தப் புதுச் சுண்ணாம்பு வாசம் போவதற்குள் ஆடம்ஸ் விடுதியில் மைக்கிள்ஜான் வந்து இறங்கினார்.

அவர் 1872இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்தில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா வந்தவர். தத்துவப் பேராசிரியர். 1912இல் ஆமர்ஸ்ட் கல்லூரியின் தலைவரானார். மாணவர்கள் அவரைக் கொண்டாடினார்கள், மூத்த பேராசிரியர்களும் பழைய மாணவர்களும் முகம் சுளித்தார்கள். போதாக்குறைக்கு மனிதருக்குப் பணத்தைக் கையாளத் தெரியாது; சம்பளத்தை மீறிச் செலவு செய்து கடனாளி ஆனார். 1923இல் ராஜினாமா செய்ய வைக்கப்பட்டார். அந்த வருடப் பட்டமளிப்பு விழாவில் சில மாணவர்கள் பட்டத்தையே வாங்க மறுத்தார்கள். நாலு வருட உழைப்பைத் தூக்கி எறிவது சாதாரண விஷயமா? ஓர் ஆசிரியருக்காக அதைச் செய்யும் அளவுக்கு அவரிடம் ஏதோ இருந்திருக்கிறது.

வேலை போனபின் அவர் ஒரு புதிய கல்லூரியைக் கனவு கண்டார். அதைப் பற்றி 1925இல் 'தி செஞ்சுரி' பத்திரிகையில் கட்டுரை எழுதினார். கல்லூரி தொடங்கப் பணம் கிடைக்கவில்லை. ஆனால் பத்திரிகையின் ஆசிரியர் கிளென் ஃபிராங்க் அதே வருடம் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் தலைவராக நியமிக்கப்பட்டார் (நம் ஊர்க் கணக்கில் துணைவேந்தர் மாதிரி). அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. தனியாகக் கல்லூரி தொடங்க முடியாவிட்டால் என்ன, பெரிய பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஒரு சின்னக் கல்லூரி தொடங்கலாமே என்று மைக்கிள்ஜானை அழைத்தார். இப்படிப் பிறந்ததுதான் 'சோதனைக் கல்லூரி'. பெயரே அதுதான்!

1927 செப்டம்பரில் 119 மாணவர்கள் ஆடம்ஸ் விடுதிக்கு வந்தார்கள். எல்லோரும் முதலாண்டு, எல்லோரும் ஆண்கள், எல்லோரும் தாங்களாக விரும்பி விண்ணப்பித்தவர்கள். படிப்பு இரண்டு வருடம். வழக்கமான பாடப்பிரிவுகள் கிடையாது. கணிதம் ஒரு மணி நேரம், வரலாறு ஒரு மணி நேரம் என்ற பிரிப்பு இல்லை. முதல் வருடம் முழுக்க ஒரே ஒரு பொருள்: கி.மு. 5ஆம் நூற்றாண்டின் ஏதென்ஸ் நகரம். அதன் போர், அதன் வணிகம், அதன் சட்டம், நாடகம், கடவுள்கள், சிற்பம் எல்லாம் சேர்த்து. இரண்டாம் வருடம் சமகால அமெரிக்கா. ஒரு முழு நாகரிகத்தை முதலில் தூரத்தில் வைத்துப் பார்த்துப் பழகிக்கொண்டு, பிறகு அதே கண்ணால் தன் சொந்த நாட்டைப் பார்க்க வேண்டும் என்பதுதான் திட்டம்.

கட்டாய வருகைப்பதிவு கிடையாது. இரண்டு வருடம் முடியும்வரை மார்க்கும் கிடையாது. (இதைப் படிக்கும் வகுப்புத் தோழர்கள் பெருமூச்சு விடுவது கேட்கிறது.) ஆசிரியர்களை 'ஆலோசகர்' என்றே அழைத்தார்கள். அவர்களுடைய அலுவலறை விடுதிக்குள்ளேயே இருந்தது. சிலர் அங்கேயே குடியிருந்தார்கள். ஒவ்வோர் ஆலோசகருக்கும் ஏறக்குறைய ஒரு டஜன் மாணவர்கள். வாரம் ஒருமுறை மாணவன் தான் எழுதியதை எடுத்துக்கொண்டு போய்த் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். சில வாரங்களுக்கு ஒருமுறை ஆலோசகர் மாறுவார், புது ஆளிடம் திரும்பவும் முதலில் இருந்து வாதாட வேண்டும். இயற்பியல் படித்தவர் பிளேட்டோவைப் பற்றிப் பேச வேண்டும், சட்டம் படித்தவர் கிரேக்க நாடகத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஆலோசகர்களுக்கே பாதி விஷயம் புதிது. மாணவனோடு சேர்ந்து ஆசிரியரும் படிப்பதை மைக்கிள்ஜான் குறையாகப் பார்க்கவில்லை. அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது.

விடுதி எங்கே வருகிறது? இங்கேதான். இத்தனை பேரும் ஒரே வாரத்தில் ஒரே புத்தகத்தைப் படிக்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் எதிரில் இருப்பவனும் அதே துசிடிடீஸில்தான் மாட்டிக்கொண்டிருப்பான். குளியலறையில் பல் தேய்க்கும்போதுகூட சாக்ரட்டீஸ் விஷம் குடித்தது சரியா தவறா என்ற சண்டை தொடரலாம். பாடத்தைப் பொதுவாக்கினால் பேச்சு தானாக வரும், பேச்சு வந்தால் படிப்பு தானாக வரும் என்பது மைக்கிள்ஜானின் கணக்கு. விடுதியின் கூரை அதற்கு ஒரு கருவி. கூரை மட்டும் பொதுவாக இருந்து பாடம் தனித்தனியாக இருந்தால் அவருடைய கணக்கில் அது வெறும் லாட்ஜ்.

இரண்டு வருடங்களுக்கு நடுவில் வந்த கோடை விடுமுறையில் இன்னொரு வேலை கொடுத்தார்கள். மாணவன் தன் சொந்த ஊருக்குப் போய் அந்த வட்டாரத்தை ஆராய்ந்து ஒரு நீண்ட கட்டுரை எழுத வேண்டும். யார் கையில் நிலம், யார் கையில் வங்கி, தேர்தலில் யார் ஜெயிக்கிறார்கள், பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது, மக்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று எல்லாமும். ராபர்ட் லிண்ட், ஹெலன் லிண்ட் தம்பதியர் இந்தியானா மாநிலத்தின் மன்சி நகரத்தை இப்படித்தான் ஆராய்ந்து 'மிடில்டவுன்' என்ற புகழ்பெற்ற நூலை 1929இல் வெளியிட்டார்கள். அவர்கள் தேர்ந்த ஆய்வாளர்கள். இவர்கள் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள். ஏதென்ஸைப் பற்றி எழுதும்போது தப்பாக எழுதினால் ஏதென்ஸ்காரன் வந்து கேட்கப்போவதில்லை. சொந்த ஊரைப் பற்றி எழுதினால் அப்பாவே கேட்பார். சோதனைக் கல்லூரியின் பயிற்சிகளிலேயே மிகவும் துணிச்சலானது இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் மேடிசன் நகரத்துக்கு இவர்களைப் பிடிக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் மற்ற மாணவர்கள் 'சோதனை எலிகள்' என்ற பொருளில் 'கினிப் பன்றிகள்' என்று கேலி செய்தார்கள். பையன்களும் சும்மா இருக்கவில்லை, அந்தப் பெயரைத் தாங்களே சூட்டிக்கொண்டார்கள். கிரேக்க தேவதை ஏதெனாவின் ஆந்தையைப் பொறித்த மேல்கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். முடி வெட்டுவதில்லை, ராத்திரி சத்தம், அறையெல்லாம் குப்பை, அரசியல் பேசினால் இடதுசாரி என்று புகார் மேல் புகார். இதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. மார்க் இல்லை, வருகைப்பதிவு இல்லை என்றதும் சிலர் மாதக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் கிடந்தார்கள். கேட்பார் இல்லாவிட்டால் பத்தொன்பது வயது என்ன செய்யுமோ அதைத்தான் செய்தது.

இன்னொரு புகார் அவ்வளவு வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகம் அந்த மாநில மக்களின் வரிப்பணத்தில் நடப்பது. அதன் மாணவர்களில் பெரும்பாலோர் அந்த மாநிலத்துப் பிள்ளைகள். சோதனைக் கல்லூரிக்கோ நியூயார்க், சிகாகோ என்று வெளி மாநிலங்களில் இருந்து நிறையப் பேர் வந்தார்கள். அவர்களில் யூதர்கள் கணிசமாக இருந்தார்கள். 1920களின் அமெரிக்காவில் யூத வெறுப்பு மரியாதையான வீடுகளிலேயே இருந்த ஒன்று. ஹார்வர்டு போன்ற இடங்களில் யூத மாணவர்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த வழி தேடிக்கொண்டிருந்த காலம் அது. 'முரடர்கள், வெளியூர்க்காரர்கள்' என்று மேடிசனில் சொல்லப்பட்டதற்குள் இந்த வெறுப்பும் கலந்திருந்தது.

பல்கலைக்கழகத்துக்குள்ளும் எதிர்ப்பு இருந்தது. கலை அறிவியல் கல்லூரியின் டீன் ஜார்ஜ் செல்லரி ஒரு வரலாற்றுப் பேராசிரியர். கட்டுப்பாடு, துறைவாரியான படிப்பு, ஒழுங்கான தேர்வு இவற்றில் நம்பிக்கை உள்ளவர். தன் கல்லூரியின் நடுவில் தன் சொல்லுக்குக் கட்டுப்படாத ஒரு தீவு முளைத்ததை அவர் எப்படி ரசிப்பார்? மைக்கிள்ஜானின் ஆட்களும் மற்ற பேராசிரியர்களின் பாடமுறையை அலட்சியமாகப் பேசி எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினார்கள். செல்லரியை வில்லனாக்கிக் கதை எழுதுவது எளிது. ஆனால் நூற்றுச்சொச்சம் பேருக்கு இத்தனை ஆலோசகர் என்றால், ஆயிரக்கணக்கான மற்ற மாணவர்களுக்கு யார் பாடம் எடுப்பது என்ற கேள்வி நியாயமானதுதான். ஒரு மாணவனுக்கு ஆகும் செலவு என்று கணக்குப் போட்டால் சோதனைக் கல்லூரி பதில் சொல்லத் திணறத்தான் செய்யும்.

1929 அக்டோபரில் பங்குச்சந்தை சரிந்தது. வெளி மாநிலத்துக்காரர்களுக்குக் கட்டணம் அதிகம், ஆகவே முதல் அடி அங்கேதான் விழுந்தது. முதல் வருடம் 119 பேர் சேர்ந்த இடத்தில் சேர்க்கை ஒவ்வொரு வருடமும் குறைந்துகொண்டே வந்தது. உள்ளூர் விவசாயி தன் பையனை அங்கே அனுப்பத் தயாரில்லை, வெளியூர்க்காரரால் அனுப்ப முடியவில்லை. 1930இல் சேர்ந்தவர்களே கடைசி அணி. 1932இல் அவர்கள் வெளியேறியதும் சோதனைக் கல்லூரி மூடப்பட்டது. அதே வருடம் மைக்கிள்ஜான் தன் அனுபவத்தைக் கல்லூரியின் பெயரிலேயே ஒரு நூலாக வெளியிட்டார்.

கிழக்கே அதே வருடங்களில் என்ன நடந்தது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். எட்வர்ட் ஹார்க்னஸ் என்ற கோடீஸ்வரர், எண்ணெய்ப் பணத்தின் வாரிசு, ஹார்வர்டுக்கு 1 கோடி டாலருக்கு மேல் கொடுத்தார். 1930 முதல் அங்கே மாணவர் இல்லங்கள் திறந்தன, 1933இல் யேலிலும் திறந்தன. ஒவ்வொன்றிலும் சாப்பாட்டுக் கூடம், நூலகம், உடன் தங்கும் ஆசிரியர்கள் என்று ஆக்ஸ்ஃபோர்டு பாணி. ஆனால் பாடத்திட்டத்தில் அவை கை வைக்கவில்லை. யாருக்கும் கோபம் வரவில்லை. இன்றுவரை நன்றாக நடக்கின்றன! பாடத்தில் கை வைத்த மேடிசன் ஐந்து வருடத்தில் மூடிவிட்டது. பின்னால் வந்தவர்கள் இந்த இரண்டையும் பார்த்து எந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள் என்பதை ஊகிப்பது கடினம் இல்லை.

அதற்காக மாணவர்கள் வீணாகப் போனார்கள் என்று நினைக்க வேண்டாம். மில்வாக்கியில் கடை வைத்திருந்த ஒரு குடும்பத்தின் பிள்ளை வில்பர் கோஹன் 1930இல் அந்தக் கடைசி அணியில் சேர்ந்தார். 1934இல் பட்டம் பெற்ற கையோடு தன் பொருளாதாரப் பேராசிரியர் எட்வின் விட்டேயுடன் வாஷிங்டன் போனார். முதியோர் ஓய்வூதியம் தரும் அமெரிக்க சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1935இல் உருவானபோது அதன் பின்னணி வேலைகளில் இருந்தார். 1965இல் முதியோருக்கான மெடிகேர் மருத்துவக் காப்பீடு வந்ததில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. 1968இல் சுகாதாரம், கல்வி, நலத்துறைக்குப் பொறுப்பான அமைச்சரானார். கோடை விடுமுறையில் சொந்த ஊரில் மக்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று எழுத வைத்த கல்லூரிக்கு இது பொருத்தமான மாணவர்தான். சோதனைக் கல்லூரியின் பழைய மாணவர்கள் பல பத்தாண்டுகள் கழித்தும் கூடிக் கூடிப் பேசினார்கள்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் நிலைமை தலைகீழானது. 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி போர்வீரர்களுக்கு அரசுச் செலவில் கல்லூரிப் படிப்பு. 1950ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின்படி விடுதி கட்டக் குறைந்த வட்டியில் அரசுக் கடன். எங்கு பார்த்தாலும் அடுக்குமாடி விடுதிகள் முளைத்தன. நீண்ட தாழ்வாரம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அறைகள், ஆயிரம் பேர், ஒருவருக்கொருவர் பெயர் தெரியாது. 1960களின் மாணவர் கலகங்களுக்கு இந்த அநாமதேயமும் ஒரு காரணம் என்று பல்கலைக்கழகங்கள் புரிந்துகொண்டபோது, மறந்துபோன மைக்கிள்ஜான் திடீரென்று நினைவுக்கு வந்தார். அவர் 1964 டிசம்பரில் பெர்க்லியில் இறந்தார். அங்கே பேச்சுரிமைக்காக மாணவர்கள் போராடிக்கொண்டிருந்த அதே மாதம். அவருடைய மாணவர் ஜோசப் டஸ்மன் அடுத்த வருடமே பெர்க்லியில் கிரேக்கத்தில் இருந்து தொடங்கும் இரண்டு வருடப் பொதுப்படிப்பை 150 பேரோடு ஆரம்பித்தார். அவர்கள் சேர்ந்து தங்கவில்லை, ஒரு பழைய ஃபிரட்டர்னிட்டி வீட்டில் கூடிப் படித்தார்கள். 1969இல் அதுவும் நின்றது.

நிலைத்தது வேறொரு வகை. 1967இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் ஒரு தங்கிப் படிக்கும் கல்லூரியைத் திறந்தது. 1972இல் கார்னெலில் 'உஜமா' என்ற இல்லம் வந்தது. அது சுவாஹிலிச் சொல், குடும்பம் போன்ற கூட்டுறவு என்ற பொருளில் தான்சானியாவின் ஜூலியஸ் நைரேரே புகழ்பெறச் செய்தது. கறுப்பின மாணவர்களின் பண்பாட்டை மையமாகக் கொண்ட இல்லம் அது. ஆயிரக்கணக்கான வெள்ளை முகங்களுக்கு நடுவில் தனித்துப் போனவனுக்கு அது ஒரு நிழல். தனி இல்லம் என்றால் அது பிரிவினைதானே என்று கேட்டவர்களும் உண்டு. கேட்டவர்களில் கறுப்பினத் தலைவர்களே இருந்தார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால் அந்த விவாதம் பல வருடம் ஓடியது.

1980களிலும் 90களிலும் இதற்கு வேகம் கூடியதற்குக் காரணம் கொள்கை மட்டும் இல்லை, கணக்கும் உண்டு. முதலாண்டிலேயே படிப்பை விட்டுப் போகும் ஒவ்வொரு மாணவனும் பல்கலைக்கழகத்துக்கு மூன்று வருடக் கட்டண நஷ்டம். மாணவன்மேல் மிக அதிகத் தாக்கம் செலுத்துவது உடன் பழகும் மாணவர்களே என்று அலெக்சாண்டர் ஆஸ்டின் 1993இல் வெளியிட்ட பெரிய ஆய்வு சொன்னது. மிசௌரி பல்கலைக்கழகம் 1995இல் ஏறக்குறைய இருபது இருபது பேராகப் பிரித்து, ஒரே தளத்தில் தங்க வைத்து, மூன்று பாடங்களை ஒன்றாகப் படிக்க வைத்தது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைப்பு. புதுக் கட்டடம் வேண்டாம், புதுப் பாடத்திட்டம் வேண்டாம், யாரையும் பகைத்துக்கொள்ளவும் வேண்டாம். மாணவனுக்கு நண்பர்கள் கிடைத்தார்கள், பல்கலைக்கழகத்துக்கு மாணவன் கிடைத்தான். மலிவான, நல்ல ஏற்பாடு.

ஆனால் ஒன்று தலைகீழாகிவிட்டது. மைக்கிள்ஜானுடைய விடுதியில் ஆர்வம் வேறு வேறாக இருந்த ஆட்கள் ஒரே கேள்விக்கு முன் உட்கார வைக்கப்பட்டார்கள். பொறியியல் போகப் போகிறவனும் கவிதை எழுதுகிறவனும் ஏதென்ஸ் ஏன் தோற்றது என்று சேர்ந்து யோசிக்க வேண்டும். ஜனநாயகத்துக்கு அந்தப் பழக்கம் வேண்டும் என்று அவர் நினைத்தார். இன்றைய விடுதியில் ஆர்வத்தை வைத்து முதலிலேயே ஆளைப் பிரித்துவிடுகிறார்கள். சுற்றுச்சூழல்காரன் சுற்றுச்சூழல்காரனோடு, தொழில்முனைவோன் தொழில்முனைவோனோடு. எலியட்டின் விருப்பப்பாட முறை வகுப்பறையில் இருந்து நடந்துவந்து தூங்கும் கட்டிலிலும் ஏறிக்கொண்டது என்று சொன்னால் மிகை இல்லை.

இதை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. விரும்பி வந்தவர்கள் மட்டும் சேர்ந்த இடம்தான் ஆடம்ஸ் விடுதியும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று மைக்கிள்ஜான் சொன்னார், வந்ததோ பெரும்பாலும் புத்தகப் பைத்தியங்கள். எதிர்வாதம் செய்ய விஸ்கான்சின் பண்ணை வீட்டுப் பையன் அந்த மேசையில் போதுமான அளவு இல்லை. பெண்கள் இல்லவே இல்லை. மேடிசனில் அப்போது பெண்கள் படிக்கவில்லையா என்றால், பல பத்தாண்டுகளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஏதென்ஸின் ஜனநாயகத்தைப் படித்த கல்லூரி, யாரை வெளியே நிறுத்துவது என்பதிலும் ஏதென்ஸைப் போலவே இருந்துவிட்டது.

மேடிசனில் 1963இல் ஒரு புது விடுதி திறந்தது. இரட்டைக் கோபுரம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். அதற்கு வைத்த பெயர் செல்லரி விடுதி. ஆமாம், அதே டீன் ஜார்ஜ் செல்லரியின் பெயர்தான். 2008இல் அந்த விடுதிக்குள் தொழில்முனைவோருக்கான வாழ்ந்து கற்கும் சமூகம் ஒன்று தொடங்கப்பட்டது. ஏரிக்கரையில் ஆடம்ஸ் விடுதி இன்னும் நிற்கிறது. 2000களில் அங்கே பல நாட்டு மொழிகளுக்கான சமூகம் குடிவந்தது. ஒரு பகுதியில் ஜெர்மன், இன்னொரு பகுதியில் ஜப்பானிய மொழி என்று அறைகள் பிரிக்கப்பட்டன.